பித்தளை நாக்கும் சீலைத் துருத்தியும்: யாழ்ப்பாண வீடுகளில் ஊமையாய் நிற்கும் ஓர்கன்கள்

மானிப்பாயில் பெரியம்மா வீட்டு விறாந்தையைத் தாண்டி உள்ளே போனால், இடப்பக்கச் சுவரோடு உயரமான ஒரு மரச்சாமான் நிற்கும். மேலே கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு வைக்கச் சிறு தட்டுகள், கடைந்தெடுத்த தூண்கள். புதிதாக வருபவர்கள் அலுமாரி என்றே நினைப்பார்கள். முன்மூடியைத் தூக்கினால்தான் மஞ்சள் பூத்த கட்டைகள் தெரியும். பெரியப்பாவின் படம், கலியாண அல்பங்கள், கரண்ட் பில் எல்லாம் அதன்மேல்தான் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன் பெரியம்மா சொன்னார்: "உது செத்துப் போச்சு பிள்ளை. ஆசாரியாரைக் கூப்பிட்டு உடைச்சு ஒரு அலுமாரி செய்விப்பம். மரம் நல்ல மரம்."

மரம் நல்ல மரம்தான். ஆனால் அந்த ஓர்கன் சாகவில்லை. இந்த வகை ஓர்கனில் சத்தம் போடும் பாகம் பித்தளை. அது நூறு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். போவது சீலையும் தோலும் கம்பளியும்தான். மூன்றும் மாற்றக்கூடியவை, மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. இதைத் தெரியாமல்தான் நம் ஊரில் எத்தனையோ ஓர்கன்கள் பலகையாகவும் விறகாகவும் போயின. அந்த ஒன்றைத் திறந்து, கழற்றி, திரும்பப் பாடவைத்த அனுபவத்தோடு, இது என்ன வாத்தியம், எங்கிருந்து வந்தது, எதனால் ஊமையாகிறது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பெரிய தேவாலயங்களில் ஈயக் குழல்கள் வரிசையாக நிற்குமே, அந்தக் குழல் ஓர்கன் வேறு. இதில் குழலே கிடையாது. நம் சுருதிப்பெட்டியிலும் ஆர்மோனியத்திலும் இருப்பதுபோல, ஒரு பித்தளைச் சட்டத்தில் நீளமாக வெட்டிய துவாரம். அதன்மேல் ஒரு முனையில் மட்டும் அறைந்து பொருத்திய மெல்லிய பித்தளை நாக்கு. காற்று அந்தத் துவாரத்தால் போகும்போது நாக்கு மேலும் கீழும் அடித்து ஒலிக்கும். நாக்கின் நீளமும் கனமும்தான் சுருதியைத் தீர்மானிக்கின்றன. காற்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாது. அதனால்தான் வெயிலிலும் மழையிலும் பியானோ சுருதி விலகுவதுபோல இது விலகுவதில்லை.

இந்த நாக்கு கிழக்கிலிருந்து போனது. சீனாவில் 'ஷெங்' என்ற வாய் ஓர்கன் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஐரோப்பாவில் இதைக் கையிலெடுத்தவர்களில் ஒருவர் கோப்பன்ஹேகன் பேராசிரியர் கிராட்சன்ஸ்டைன். ஐந்து உயிரெழுத்து ஒலிகளை ஒரு கருவி சொல்ல முடியுமா என்று புனித பீட்டர்ஸ்பேர்க் அறிவியற் கழகம் வைத்த போட்டியில் 1780 இல் பரிசு பெற்றவர் அவர். அந்தக் கருவியில் ஒலியெழுப்பியது இந்த நாக்குத்தான். தமிழில் நாம் இதை நாக்கு என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் என்று அதைப் படித்தபோதுதான் உறைத்தது. 1810 வாக்கில் பாரிஸில் கிரெனியே என்பவர் இதை வைத்து ஒரு ஓர்கன் செய்தார். 1840களில் அதே நகரில் டெபேன் தன் கருவிக்குக் காப்புரிமை எடுத்து 'ஆர்மோனியம்' என்று பெயர் வைத்தார். நம் ஊர்ப் பெட்டிக்குப் பெயர் அங்கிருந்து வந்தது.

டெபேனின் ஆர்மோனியம் காற்றைத் தள்ளுகிறது. துருத்தி அமுக்க, காற்று நாக்கை முட்டிக்கொண்டு வெளியே வரும். சத்தம் கூராக, முகத்தில் அடிப்பதுபோல இருக்கும். அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள். அங்கே துருத்தி காற்றை உள்ளே இழுக்கிறது. கால் மிதிகளை மாறி மாறி அமுக்க, பெரிய காற்றறைக்குள் இருக்கும் காற்று வெளியேற்றப்படும். உள்ளே இருக்கும் வலிய சுருள்கம்பிகள் அறையை விரித்துப் பிடிக்கப் பார்க்கும். அந்த இழுவிசையில் வெளிக்காற்று நாக்குகளின் வழியாக உள்ளே பாயும். நாம் மூச்சை உள்ளிழுத்தபடி பாடினால் எப்படியோ, அப்படி. ஒலி மென்மையாக, கொஞ்சம் உள்ளடங்கி வரும். வீட்டு மண்டபத்துக்கு அதுதான் பொருந்தும். பெரியம்மா வீட்டில் நிற்பது இந்த இனம்.

அமெரிக்க ஓர்கனின் அந்த மென்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1840களின் கடைசியில் பஃபலோ நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்த எமன்ஸ் ஹாம்லின், நாக்கின் நுனியை மிகச் சிறிதாக முறுக்கி வளைத்தால் இரைச்சல் போய் ஒலி உருண்டு வருவதைக் கண்டுபிடித்தார். ஒரு தலைமயிர் அளவு முறுக்கு. சாளரத்து வெளிச்சத்தில் ஒரு நாக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நுனி ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இயந்திரம் அப்படிச் செய்யாது. யாரோ ஒரு தொழிலாளி ஒவ்வொன்றாகக் காதில் கேட்டுக் கையால் வளைத்தது.

அந்த ஹாம்லின் 1854 இல் ஹென்றி மேசன் என்பவரோடு சேர்ந்து பொஸ்டனில் மேசன் அண்ட் ஹாம்லின் கம்பனியைத் தொடங்கினார். 1867 இல் பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய ஓர்கன் பதக்கம் வாங்கியது. வெர்மொன்ட் மாநிலத்தின் பிரட்டல்பரோ என்ற சிறு ஊரில் எஸ்டி கம்பனி மட்டும் தன் காலத்தில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஓர்கன்களைச் செய்து விற்றது. 1870 முதல் 1900 வரை அமெரிக்க நடுத்தர வீடுகளில் இது ஒரு கௌரவச் சாமான். கண்ணாடியும் விளக்குத் தட்டும் கடைசல் தூண்களும் அந்தக் கௌரவத்துக்காகத்தான்; ஒலிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இழுக்கும் குமிழ்களில்கூடச் சிலது வெறும் அலங்காரம். முன்பலகையில் பதினொரு குமிழ் இருக்கும், உள்ளே இரண்டு வரிசை நாக்குத்தான் இருக்கும். பிறகு பியானோ மலிந்தது, கிராமபோன் வந்தது, ஓர்கன் பின்னறைக்குப் போனது.

சரி, இது யாழ்ப்பாணத்துக்கு எப்படி வந்தது?

பொஸ்டன் என்ற பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் தலைமையகம் பொஸ்டனில்தான் இருந்தது. அதன் மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கினார்கள். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841 இல் உதயதாரகை பத்திரிகை, 1847 இல் டொக்டர் கிரீன் வந்து மானிப்பாயில் நடத்திய வைத்தியமும் தமிழில் எழுதிய மருத்துவ நூல்களும் என்று அது வளர்ந்த கதை நம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. வெஸ்லியன் மிஷனும் சேர்ச் மிஷனும் தங்கள் பள்ளிகளோடு பக்கத்திலேயே இருந்தன. இந்த எல்லாருக்கும் பாட்டு வேண்டும். பாட்டுக்குத் துணையாக ஒரு வாத்தியம் வேண்டும். குழல் ஓர்கன் பெருஞ்செலவு. பியானோவின் கம்பி நம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், சுருதி கூட்ட ஆள் தேடவேண்டும். நாக்கு ஓர்கன் பெட்டியில் அடைத்து அனுப்பலாம், வந்திறங்கிய அன்றே வாசிக்கலாம். ஊர் ஊராகப் போகும் ஊழியர்களுக்கென்று மடித்துப் பெட்டியாக்கும் ஓர்கனும் வந்தது. சிக்காகோவில் பில்ஹோர்ன் என்ற பிரசங்கியார் 1880களில் அதைச் செய்து விற்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக்கு ரெயில் பாதை 1905 இல்தான் கொழும்போடு முழுதாக இணைந்தது. அதற்கு முன் இப்படிப்பட்ட பாரம் எதுவும் கடலால் வந்து, துறையில் இறங்கி, மாட்டுவண்டியில் ஏறித்தான் வீடு சேர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கம்பனி தொடங்கிய ஹென்றி மேசனின் தகப்பன் லோவெல் மேசன், அமெரிக்காவின் பேர்பெற்ற கீத இசையமைப்பாளர். ரெஜினால்ட் ஹீபர் 1819 இல் எழுதிய மிஷன் கீதம் ஒன்றுக்கு அவர்தான் அங்கே இராகம் போட்டார். அந்தக் கீதத்தில் இலங்கை பெயரோடு வருகிறது. தீவின் வாசனைக் காற்றைப் புகழ்ந்துவிட்டு, அங்கே வாழும் மனிதனை மட்டும் இழிந்தவன் என்கிறது. ஹீபர் பிறகு கல்கத்தா பிஷப்பாகி 1826 இல் நம் திருச்சியில் இறந்தார். தகப்பன் இராகம் போட்ட பாட்டு எங்களை இழிந்தவர்கள் என்றது. மகன் செய்த ஓர்கன்களைப் போன்றவைதான் எங்கள் வீடுகளுக்கும் வந்தன. எங்கள் பாட்டிமார் அவற்றின் முன் உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் ஒரே கப்பலில் வந்த கதை. ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் பாட்டுக்கு இந்த வாத்தியம் சுலபமாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் மேற்கத்திய மெட்டில் இருப்பதால் ஓர்கனுக்கு வாய்ப்பானவை. இராக தாளத்தோடு எழுதிய கீர்த்தனைகள் அப்படியல்ல. நாக்குக்கு ஒரு சுரம்தான் தெரியும். அதை அசைக்கவோ வளைக்கவோ முடியாது. சுரத்தை அசைத்துப் பாடும் அந்தக் கமகம் இல்லாத தோடி இராகத்தை நினைத்துப் பாருங்கள். இந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. ஆனாலும் சனம் அதை விடவில்லை. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் காலால் மிதிக்கும் கருவியைக் கையால் அடிக்கும் பெட்டியாக்கினார். அது இந்தியா முழுக்கப் பரவி நம் கரைக்கும் வந்தது. இசை நாடக மேடைகளில் கால் ஆர்மோனியமும் கைப்பெட்டியும் இல்லாமல் திரை எழும்பாது என்ற காலம் ஒன்று இருந்தது. இசை நாடக நடிகர் வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு, அரிச்சந்திரன் பாட்டின் கூடவே அந்தப் பெட்டியின் சத்தமும் காதில் நிற்கும்.

அதைவிட ஆழமாக ஒரு இடத்தில் இது தமிழுக்குள் இறங்கியிருக்கிறது. "அவர் ஐந்து கட்டையில் பாடுவார்", "பெண்குரலுக்கு ஐந்தரைக் கட்டை" என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை வேறெதுவுமில்லை, ஆர்மோனியத்தின் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு, இடையில் இருக்கும் கறுப்பு ஒன்றரை. கமகம் வராத பெட்டி என்று குறை சொன்ன சங்கீதமே தன் சுருதிக்கு அந்தப் பெட்டியிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டது.

இனி அதைத் திறந்த கதை.

பின்பலகையில் நாலு திருகாணி. மூன்று துருப்பிடித்து இறுகியிருந்தன; ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தபின் வந்தன. பலகை கழன்றதும் முதலில் வந்தது நாற்றம். எலியின் நாற்றம். அடியில், மிதிகளுக்குப் பின்னால், காகிதமும் கம்பளி நூலும் கலந்த ஒரு கூடு. காகிதத்தில் அரைகுறையாகப் பாட்டு வரிகள் தெரிந்தன. இந்தத் தொல்லை அமெரிக்காவிலும் இருந்தது. எலி நுழையாத மிதி என்று அந்தக் காலத்துக் கம்பனிகள் விளம்பரமே போட்டன. இடது மிதியில் வார் இல்லை. அதற்குப் பதில் யாரோ தும்புக் கயிறு கட்டி, மூன்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அது அப்புவின்ரை முடிச்சு" என்றார். அந்தக் கயிற்றைக் கழற்றி ஒரு உறைக்குள் போட்டு, பேர் எழுதி வைத்திருக்கிறேன்.

துருத்திச் சீலையைத் தொட்டால் காய்ந்த வாழைச்சருகுபோல நொறுங்கியது. இது றப்பர் பூசிய பருத்திச் சீலை. றப்பர் காலத்தால் இறுகி வெடிக்கும். மடிப்பு விழும் மூலைகளில் முதலில் ஓட்டை விழும். எப்போதோ யாரோ பத்திரிகைத் தாளைக் கூழால் ஒட்டி ஓட்டையை அடைத்திருந்தார்கள். கூழுக்குக் கரப்பான் வந்திருக்கிறது. காற்று நிற்காத துருத்தியை எவ்வளவு மிதித்தாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலத்தான். கட்டையை அமுக்கினால் சத்தம் வராது. ஆக, செத்துப் போச்சு என்ற தீர்ப்பு வந்துவிடும்.

நாக்குகள் எப்படி இருந்தன? இந்த ஓர்கனில் 61 கட்டை, ஐந்து ஸ்தாயி. நாக்கு இரண்டு வரிசை, மொத்தம் 122. ஒவ்வொன்றும் மரத்தில் குடைந்த ஒரு சிறு அறைக்குள் செருகியிருக்கும். முனையில் உள்ள பள்ளத்தில் கொக்கிபோன்ற ஒரு கம்பியை மாட்டி இழுத்தால் வெளியே வரும். பழைய குடைக் கம்பியை அரத்தால் தேய்த்து அந்தக் கொக்கியைச் செய்தேன். 122 நாக்கையும் எடுத்துப் பார்த்ததில் வெடித்திருந்தவை மூன்று. மிச்சம் 119 உம் வாயருகே வைத்துக் காற்றை இழுத்தால் பாடின. அந்த இரவு பெரியம்மாவைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினேன். எட்டாவது, ஒன்பதாவது நாக்கு வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி ஒன்றை வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தார்.

நாக்கை எடுக்கும்போது ஒழுங்கு மாறக்கூடாது. ஒரு பலகையில் 122 கோடு கீறி, எண் எழுதி, அந்தந்த இடத்தில் வைக்கவேண்டும். மாறிப் போனால் திரும்ப அடையாளம் காண்பது பெரும்பாடு. அப்புறம் சுத்தம் செய்வது. பித்தளை என்றால் எங்கள் கை தன்பாட்டில் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கும் செம்புக்கும் அது சரி. இந்த நாக்குக்குப் புளியும் கூடாது, எலுமிச்சையும் கூடாது, பித்தளை மினுக்கும் எண்ணெயும் கூடாது. அமிலம் உலோகத்தைத் தின்னும்; தின்றால் நாக்கு மெலியும், மெலிந்தால் சுருதி மாறும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, தேவைப்பட்டால் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து நன்றாகக் காயவைத்தால் போதும். நாக்கை எப்போதும் அறைந்த முனையிலிருந்து நுனிப்பக்கமாகத்தான் துடைக்கவேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் நுனி சிக்கி வளைந்துவிடும். களிம்பு கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும், கறுப்பும் இருக்கட்டும். பளபளப்புக்கு ஒலி இல்லை.

ஊமை நாக்கென்று நினைத்தவற்றில் பாதிக்கு நோய் ஒரு தூசிதான். நாக்குக்கும் துவாரத்தின் ஓரத்துக்கும் இடையில் இருக்கும் இடைவெளி ஒரு தாளின் தடிப்பளவுகூட வராது. அதில் ஒரு பஞ்சிழை சிக்கினால் போதும், சத்தம் அடைத்துவிடும்.

சுருதியில் கை வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நாக்கின் நுனிப்பக்கம் சுரண்டினால் சுருதி ஏறும். அறைந்த பக்கம் சுரண்டினால் இறங்கும். கேட்க இலகு. ஆனால் சுரண்டின பித்தளை திரும்பி வராது. போனில் ஒரு செயலியை வைத்துப் பார்த்தேன்; ஆறு கட்டை செக்கனுக்கு 440 அதிர்வு என்று காட்டவேண்டிய இடத்தில் 446 காட்டியது. உடனே அரத்தை எடுக்கத் தோன்றும். எடுக்கக்கூடாது. 440 என்ற அளவே 1939 இல் லண்டனில் கூடிப் பேசி ஒத்துக்கொண்டது. அதற்கு முன் பிரான்ஸ் 1859 இல் 435 என்று சட்டம் போட்டது, அமெரிக்கப் பியானோக் கம்பனிகள் 1891 இல் அந்த 435 ஐ ஏற்றுக்கொண்டன; அதற்கெல்லாம் முந்திய ஓர்கன்கள் ஊருக்கு ஒரு சுருதி. தனக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலித்தால் அது சுருதியில்தான் இருக்கிறது. வயலினையோ மிருதங்கத்தையோ அதற்கேற்றபடி கூட்டிக்கொள்ளலாம்.

துருத்திக்கு வருவோம். வேலையின் முக்கால்வாசி இங்கேதான். பழைய சீலையைக் கிழித்தெறியக்கூடாது, அதுதான் அளவு. மடிப்பும் ஓரமும் தெரியத் தாளில் அச்செடுத்த பிறகே கழற்றவேண்டும். பழைய ஆசாரிமார் பாவித்த வச்சிரம், அதாவது மிருகத்தோலிலிருந்து காய்ச்சிய பசை, சூடும் ஈரமும் பட்டால் தானாக இளகிவிடும். ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை மேலே வைத்தேன். சீலை தோல் உரிவதுபோல் வந்தது, மரத்தில் ஒரு கீறல் இல்லை. நூறு வருடத்துக்குப் பிறகு வருகிறவன் கழற்ற வேண்டுமே என்று நினைத்தே அந்த மனிதர்கள் வேலை செய்திருக்கிறார்கள். நாமும் அதே வச்சிரத்தால்தான் ஒட்டவேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 60 பாகை வாக்கில் சூடாக்கிப் பூசுவது. கொதிக்க விட்டால் பசை வலுவிழக்கும். கடையில் வாங்கும் வெள்ளைப் பசையும் சிலிக்கனும் இறுகினால் இறுகினதுதான். அடுத்தவர் மரத்தைச் செதுக்கித்தான் எடுக்கவேண்டிவரும்.

புதுச் சீலைக்கு றெக்சீன் போடலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். கதிரைக்கு அது நல்லது. துருத்திக்குத் தடிப்பு, மடியாது, மடிந்த இடத்தில் வெடிக்கும். மெல்லிய றப்பர் பூசிய பருத்திச் சீலையே வேண்டும். இதை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது; முழுவேலையிலும் பெரிய செலவு அதுதான். மிச்சம் எல்லாம் இங்கேயே முடிந்தது. துருத்திக்குள் காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் தோல் மடல்களுக்கு, இணுவில் பக்கம் தவில் மூட்டும் ஒருவரிடம் போனேன். நான் கொண்டுபோன பழைய மடலை விரலுக்கிடையில் வைத்து ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். "ஆட்டுத் தோல்தான் தம்பி, இன்னும் கொஞ்சம் சீவவேணும்" என்று பக்கத்தில் இருந்த மகனிடம் சொன்னார். அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் எட்டு மடல், நான் அளந்து கொடுத்ததைவிடச் சரியாக. மிதி வார் செருப்புத் தைப்பவரிடம். உடைந்த தூண் ஒன்று ஆசாரியாரிடம். ஓர்கன் திருத்துபவர் என்று ஒருவர் யாழ்ப்பாணத்தில் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தால் நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். அந்தத் தொழிலின் துண்டுகள் வெவ்வேறு கைகளில் இங்கேயே இருக்கின்றன.

கட்டைகளின் கீழே இருப்பது நுணுக்கமான பகுதி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு சிறு மரக்குச்சி. அது கீழே இறங்கி, தோலும் கம்பளியும் ஒட்டிய ஒரு மூடியைத் தள்ளித் திறக்கும். முன்பலகைக் குமிழை இழுத்தால் அந்த வரிசை நாக்குகளின் முன்வாசல் திறக்கும். வாசல் இரண்டும் திறந்தால்தான் காற்று நாக்கால் ஓடும். கட்டையை விட்ட பிறகும் ஒரு சுரம் நிற்காமல் கத்தினால், அந்த மூடியின் கீழ் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது பூச்சி கம்பளியைத் தின்றிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டைகளே ஊறி ஒன்றோடொன்று பிடிக்கும். அதற்கு உடனே சீவக்கூடாது. தை வெயிலில் தானாக விடும்.

கட்டை மேல் ஒட்டியிருந்தது தந்தமா செல்லுலாய்டா என்று பார்ப்பதும் முக்கியம். செல்லுலாய்டு என்றால் தின்னரும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் பட்டால் கரையும், நெருப்புக்கும் பயம். ஈரத்துணி போதும்.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது 'வொக்ஸ் ஹியூமானா', மனிதக் குரல் என்ற பெயர் போட்ட குமிழ். அதை இழுத்தால் நாக்குகளின் பின்னால் ஒரு நீண்ட அட்டைச் சிறகு மெல்லச் சுழலும். அதைச் சுழற்றுவது அதே காற்றால் ஓடும் ஒரு குட்டிச் சக்கரம். சிறகு மறைக்கும்போது ஒலி அடங்கி, விலகும்போது எழும்பி, குரல் நடுங்குவதுபோல வரும். எங்களுடையதில் அட்டையை இராமபாணப் பூச்சி அரித்து வலைபோல ஆக்கியிருந்தது. புது அட்டை வெட்டி, அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டு, விரலால் தட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

வெளிமரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தெரிந்தவர் ஒருவர் வீட்டு ஓர்கனை மினுக்கக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுப் பழைய அரக்குப் பூச்சை முழுதாக உரித்து, புது வார்னிஷ் அடித்து வந்தது. கம்பனிப் பெயர் எழுத்தும் அதோடு போய்விட்டது. உள்ளே ஒரு ஆணி தொடப்படவில்லை. பளபளவென்று ஊமையாக நிற்கிறது. பூச்சைத் துடைத்து மெழுகு பூசினால் போதும். பெயரும், எண்ணும், பென்சில் எழுத்தும் இருக்கும் இடம் எதையும் தொடக்கூடாது. வயதைக் கண்டுபிடிக்க அவைதான் வழி. ஒட்டியிருக்கும் காப்புரிமைத் திகதியைப் பார்த்து இதுதான் செய்த வருடம் என்று முடிவெடுப்பார்கள்; அது அந்தப் பாகத்துக்கு உரிமை வாங்கிய வருடம் மட்டும்தான், ஓர்கன் அதற்குப் பிறகு எப்போதும் செய்யப்பட்டிருக்கலாம். தொடரிலக்கம்தான் உறுதி.

விலை என்ன வரும் என்று கேட்பவர்களுக்கு: அதிகம் வராது. இலட்சக்கணக்கில் செய்த சாமான். அமெரிக்காவில் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆள் குறைவு. ஆனால் இங்கே நிலைமை வேறு. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து சனம் யாழ்ப்பாணத்தை விட்டுக் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்ட போது ஓர்கனை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஓடு உடைந்த வீடுகளில் அவை மழையில் நின்றன. கதவும் யன்னலும் போன வீடுகளில் அவையும் போயின. தப்பியவற்றின் கணக்கு யாரிடமும் இல்லை. அதனால் ஒரு பழைய வீட்டில், ஒரு தேவாலயப் பின்னறையில், இப்படி ஒன்று நிற்பதைக் கண்டால், உடைக்க முன் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். நாக்கில் ஒன்றை எடுத்து வாயருகே வைத்துப் பாருங்கள்.

திருத்த முதல் துருத்தியை மிதித்து விட்டால் மூன்று செக்கனில் விரிந்துவிடும். இப்போது நாற்பது செக்கன் பிடிக்கிறது. வெடித்த மூன்று நாக்குக்கும் பழைய ஓர்கன் ஒன்றின் உதிரிகளிலிருந்து அதே அளவில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் அந்த மூன்று கட்டையும் ஒரு வரிசையில் மட்டும் ஒலிக்கும். பெரியம்மாவுக்கு அது பிரச்சினையாகத் தெரியவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் அல்பங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உட்காருகிறார். வலதுகால் மூட்டு நோகுது என்று இடது மிதியையே அதிகம் மிதிக்கிறார்; அந்தப் பக்கத்து வார் சீக்கிரம் தேயும். முழங்காலால் தள்ளிச் சத்தம் கூட்டும் நெம்புகோலிலும் இன்னும் ஒரு கிரீச் இருக்கிறது. மழை முடியட்டும், தை மாதம் திறந்து பார்க்கவேண்டும்.